ஆய்வரங்கும் ஆடரங்கும்

பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அமையும் ஒரு நாள் உண்டு. காலையில் மண்டபத்திலே விளக்கேற்றித் தலைமையுரை நிகழ்த்துவர். விரிவுரையாளரும் மாணவரும் ஆய்வுக் கட்டுரை வாசிப்பர், வினாக்கள் எழும், விடைகள் கூறப்படும். நண்பகல் உணவு முடிந்த பின்னர் அதே மண்டபம் கோலம் மாறும். இசை, நடனம், கூத்து, நாடகம் என இரவு வரை கலை நிகழ்ச்சிகள் தொடரும். அழைப்பிதழில் இவ்விரு பகுதிகளும் ஒரே தாளில், ஒன்றன் கீழ் ஒன்றாக அச்சிடப்பட்டிருக்கும். ஆயினும் காலையில் வந்தோர் பலர் மாலையில் இருப்பதில்லை. மாலையில் வருவோருக்கோ காலையிற் பேசப்பட்டது யாதென்று தெரியாது. அறுசுவை உண்டியின் இறுதியில் வரும் பாயசம் போலக் கலை நிகழ்ச்சியைக் கருதுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது.

நேயர்களே, இவ்வழக்கம் எங்கும் குறையுடையதே. எனினும் சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டப் பகுதிகளைச் சார்ந்த நமக்கு அது வெறும் குறையாக நின்றுவிடவில்லை. பெரும் இழப்பாகவும் முடியக்கூடும். காரணத்தை விளக்குவதற்கு முன், இடத்தைப் பற்றிச் சில சொல்லவேண்டும்.

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை ஆகிய ஊர்களைக் கடந்து சென்றால் பெலிகுல் ஓயாவை அண்மித்துப் பம்பஹின்ன என்னும் இடம் வரும். வடக்கே ஹோட்டன் சமவெளியைத் தாங்கி நிற்கும் மலைச்சுவர். தெற்கே சமனலவெவ நீர்த்தேக்கம். அந்நீர்த்தேக்கத்தை அமைக்க வந்த பொறியியலாளரும் பணியாளரும் தங்கியிருந்த கட்டடங்களே பின்னர் கல்விக்கூடமாயின. 1990 களின் தொடக்கத்தில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாக இருந்த அந்நிறுவனம், 1995 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைச் சப்ரகமுவப் பல்கலைக்கழகமாக அறிவிக்கப்பட்டு, 1996 இற் செயற்படத் தொடங்கியது. விவசாய விஞ்ஞானம், பிரயோக விஞ்ஞானம், முகாமைத்துவம், சமூக விஞ்ஞானமும் மொழிகளும், நில அளவை சார்ந்த புவித்தகவல் இயல் ஆகிய பீடங்களையுடைய இப்பல்கலைக்கழகத்துக்குப் பிற்காலத்தில் இரத்தினபுரியிலே மருத்துவ பீடமும் அமைந்தது.

இம்மாகாணத்தின் இரு மாவட்டங்களாகிய இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து நிற்கின்றன. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை எனப் பெயர் சொன்னவுடன் தோட்டங்கள் நினைவுக்கு வரும். நுவரெலியாவில் தோட்டத் தமிழர் பெருந்தொகையினராகச் சேர்ந்து வாழ்வதைப் போல இங்கே வாழவில்லை. ஒரு தோட்டம், அதன் பின் சிங்களக் கிராமம் ஒன்று, அதன் பின் இன்னொரு தோட்டம் எனச் சிதறியே வாழ்கின்றனர். ஆகவே பாடசாலைகளும் சிதறின, ஆசிரியரும் சிதறினர், உயர்தர வகுப்பில் விஞ்ஞானமும் கணிதமும் தமிழிற் கற்க விரும்பும் மாணவன் ஊர் விட்டு ஊர் செல்ல நேர்ந்தது.

வரலாறும் இதற்குத் துணைபோயிற்று. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யும் பொறுப்பைத் தோட்ட நிருவாகங்கள் மீது சுமத்தியது. விளைந்தது என்னவெனில், ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியரும் ஐந்தாம் வகுப்போடு முடியும் படிப்புமே. 1945 இல் நாட்டிலே இலவசக் கல்வி வந்தபோது அதன் நன்மை தோட்டத்து எல்லைக்குள் முறையாக நுழையவில்லை. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 இன் ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவேண்டியவராயினர். பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970 களிலும் அதன் பின்னருமே. எஞ்சியிருந்தோரின் பிரசாவுரிமைக்கு இறுதி வழி பிறந்தது 2003 ஆம் ஆண்டின் சட்டத்தால். நாட்டில் இலவசக் கல்வி வந்து மூன்று தசாப்தங்களின் பின்னரே தோட்டத்துப் பிள்ளைக்கு அரச பாடசாலையின் கதவு திறந்தது என்றால், பல்கலைக்கழகத்தின் கதவை அப்பிள்ளை எப்போது தட்டியிருக்கும் என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இனி, ஆய்வும் கலையும் ஒருங்கே நடந்த ஒரு காலத்தைப் பார்ப்போம். அதற்குப் பேராதனைக்குச் செல்லவேண்டும்.

1942 இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக 1943 இல் அமர்ந்தவர் சுவாமி விபுலாநந்தர். பழந்தமிழரின் யாழ்களை ஆராய்ந்து அவர் எழுதிய 'யாழ்நூல்' 1947 இல் தமிழ்நாட்டிலே அரங்கேறியபோது, ஆராய்ச்சியுரையோடு யாழிசையும் அவையோர் செவிக்கு விருந்தாயிற்று. எழுத்தால் நிறுவியதை ஒலியாலும் நிறுவவேண்டும் என்பது அவ்வறிஞரின் எண்ணம். அவருக்குப் பின் பேராசிரியராகிய க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலே நாடகங்கள் எழுதினார். மாணவர் அவற்றை மேடையேற்றினர். அக்காலத்துப் படித்த அவையிலே வீட்டுப் பேச்சு ஒலித்தது சிலருக்கு வியப்பாகவும் சிலருக்கு வெறுப்பாகவும் இருந்ததாம்.

1950 களிற் கல்விக்கூடம் கொழும்பிலிருந்து பேராதனைக்குப் பெயர்ந்தது. அங்கே சிங்களத் துறையில் எதிரிவீர சரச்சந்திர கிராமிய நாடகங்களை ஆராய்ந்து 1953 இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். நூலோடு நில்லாமல், 'நாடகம' என்னும் பழைய வடிவத்தில் வல்ல சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்னும் முதியவரை அழைத்து மாணவரைப் பழக்கி, 'மனமே' என்னும் நாடகத்தை 1956 நவம்பரிலே கொழும்பில் அரங்கேற்றினார். 1961 இல் 'சிங்கபாகு' பேராதனை வளாகத்துத் திறந்தவெளி அரங்கிற்கு வந்தது. சிங்கள 'நாடகம' தமிழ்க் கூத்தின் வழிவந்ததென்பதை ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். அதன் பெயரே அதற்குச் சான்று கூறும்.

இதைக் கண்ணுற்றுக்கொண்டிருந்தவர் தமிழ்த்துறையைச் சேர்ந்த சு. வித்தியானந்தன். மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம் ஆகிய இடங்களின் கூத்துகளை அவர் தேடிச்சென்று கண்டார். ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த கூத்து நூல்களைப் பதிப்பித்தார். 'அலங்காரரூபன் நாடகம்' 1962 இல் வெளிவந்தது. அதே ஆண்டு பேராதனை மாணவர் 'கர்ணன் போர்' என்னும் வடமோடிக் கூத்தை ஆடினர். அதன் பின் 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' என அவை தொடர்ந்தன.

இங்கே ஒரு செய்தி பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. 1960 ஆம் ஆண்டளவிலே கலைப்பீடத்திற் சுயபாஷை வழிக் கல்வி தொடங்கிற்று. அதுவரை ஆங்கிலம் கற்ற நகரத்துப் பிள்ளைகளே நுழைந்த வளாகத்தினுள், தமிழ்மொழி மூலம் கற்ற கிராமத்து மாணவர் முதன்முறையாகக் கணிசமான தொகையில் நுழைந்தனர். அவர்கள் கூத்தைப் பாடமாகக் கற்றவரல்லர். களரியைச் சுற்றி விடிய விடிய விழித்திருந்து வளர்ந்தவர். 'கர்ணன் போ'ரிற் கர்ணனாகவும் 'இராவணேச'னில் இராவணனாகவும் ஆடிய சி. மௌனகுரு மட்டக்களப்பிலிருந்து வந்த மாணவரே. பின்னாளிற் பேராசிரியராகிக் கூத்தை ஆராய்ந்தவரும் அவரே. பேராசிரியரிடம் ஆராய்ச்சி இருந்தது. மாணவன் காலில் ஆட்டம் இருந்தது. இரண்டும் சந்தித்த இடமே பேராதனை. போதனாமொழி மாறாதிருந்திருப்பின் அச்சந்திப்பு நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

இன்னொன்று. மாணவரைப் பழக்குவதற்கு மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியார் வரவழைக்கப்பட்டார். ஆட்டத்தையும் தாளத்தையும் சொல்லிக்கொடுக்கும் இடத்திலே அவர்தாம் ஆசான். பட்டம் பெற்றோர் மாணாக்கர். விடியும்வரை ஆடும் கூத்து இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கியது. சுற்றிலும் மக்கள் இருந்து பார்க்கும் வட்டக்களரி, ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடையாயிற்று. பெண் வேடத்தைப் பெண்களே ஏற்றனர். இம்மாற்றங்களாற் கூத்து தன் உயிரை இழந்தது என்று கூறுவாரும் உளர். அவ்வாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. என் எண்ணம் வேறு. அம்மாற்றங்கள் அண்ணாவியார் முன்னிலையில், அவர் கேட்கவும் மறுக்கவும் கூடிய இடத்தில் நிகழ்ந்தன. அதுவே பெரிது.

தோட்டங்களுக்கு மீள்வோம். நம் மக்களிடத்திலும் கூத்து உண்டு. அருச்சுனன் தபசு உண்டு, பொன்னர் சங்கர் கதை உண்டு, எல்லாவற்றிலும் மேலாகக் காமன் கூத்து உண்டு. மாசி மாதத்து அமாவாசையை அடுத்துக் காமன் கம்பம் ஊன்றுவர். காமனாகவும் ரதியாகவும் வேடம் பூணுவோர் காப்புக் கட்டி விரதம் காப்பர். காமன் ரதி திருமணம், சிவனுடைய தவத்தைக் கலைக்கக் காமன் புறப்படுதல், ரதி தடுத்தல், நெற்றிக்கண்ணால் அவன் எரிதல், அவளுடைய புலம்பல் எனக் கதை வளர்ந்து, பௌர்ணமியை ஒட்டிய இரவிலே உச்சமடையும். வேடக்காரர் ஒரே இடத்தில் நின்று ஆடுவதில்லை. லயம் லயமாகச் செல்வர். வாசலுக்கு வாசல் எண்ணெய்யும் காசும் வாங்குவர். தோட்டம் முழுவதுமே அரங்காகிவிடும். பகலெல்லாம் மலையிற் கொழுந்தெடுத்தும் இறப்பர்ப் பால் வெட்டியும் களைத்தவர், இரவிலே தூங்காதிருந்து ரதியோடு அழுவர். இறுதியில் ரதியின் கண்ணுக்கு மட்டும் காமன் தெரியுமாறு சிவன் வரம் கொடுப்பார். கணவனை, மகனைக் கடலுக்கப்பால் அனுப்பிவிட்டு இருந்த சமூகத்துக்கு இக்கதை ஏன் இத்துணை நெருக்கமாயிற்று என்பது ஓர் ஆய்வுக் கட்டுரைக்குரிய வினா.

இக்கூத்தை வளாகத்துக்குக் கொண்டுவரும்போது என்ன நிகழ்கின்றது? பெரும்பாலும் இருபது நிமிடம் கொடுக்கப்படும். முன்னே பரதநாட்டியம், பின்னே மெல்லிசை. இடையிலே காமன் எரிந்து முடியவேண்டும். மாசி மாதத்திற் பரீட்சை வந்துவிட்டாற் கூத்து வேறு மாதத்துக்குத் தள்ளப்படும். விரதமும் காப்பும் இன்றிக் காமனை எரிப்பது ஆகாதென்று தோட்டத்துப் பெரியவர் சிலர் மறுப்பதுண்டு. மறுப்பவரை மூடநம்பிக்கையுடையோர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவர்கள் அதனை வழிபாடாகக் காண்கின்றனர். நாம் நிகழ்ச்சியாகக் காண்கின்றோம். கம்பம் ஊன்றாமலும் எரியும் காட்சியைத் தவிர்த்தும், ரதி தடுக்கும் பகுதியையும் ஆட்ட முறைகளையும் மட்டும் மேடையிற் காட்ட அவர்கள் இணங்குவதையும் நான் கண்டிருக்கின்றேன். அவ்விணக்கம் கேட்டுப் பெறவேண்டியது.

தப்பைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். வட்டமான மரச்சட்டத்திலே தோல் போர்த்திய அவ்விசைக்கருவி தோட்டத்து வாழ்க்கையின் கடிகாரமாக இருந்தது. இருள் பிரியுமுன்னே பிரட்டுக்கு ஆள் கூட்ட அது முழங்கியது, திருவிழாவிலும் முழங்கியது, சாவு வீட்டிலும் முழங்கியது. அடிக்குமுன் தீயிற் காய்ச்சினாலன்றித் தோல் சுருதி கூடாது. மண்டபத்தின் பின்புறத்திலே பழைய செய்தித்தாளைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவதும், காவலாளர் ஓடிவந்து தடுப்பதும் வளாகங்களிலே வழமையான காட்சி.

அக்கருவியின் மீது சாதியின் சுமையும் ஏறியிருக்கின்றது. அதை அடிப்பது இன்னாரின் தொழில் என்று வகுத்துவைத்த சமூகம் நம்முடையது. எங்கள் பாடசாலையிலிருந்து ஒரு கலைவிழாவுக்குச் சென்றபோது, ஒரு மாணவன் தன் பாட்டனாரின் தப்பை உரச்சாக்கிலே சுற்றி எடுத்துவந்தான். மழைக்காகவா என்று வினவினேன். "இல்லீங்க சார், பஸ்ஸுல எல்லாரும் பாப்பாங்க" என்றான். மேடையிலே அவன் அடித்தான். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. ஆயினும் திரும்பும்போதும் அது சாக்கினுள்ளேயே வந்தது. கைதட்டல் மாலையில் கிடைத்தது. அவனுடைய வெட்கத்துக்குரிய காரணத்தை விளக்கக்கூடிய உரை காலையிலே நிகழ்ந்திருக்கவேண்டும். தப்பின் வரலாறும், அதைப் பற்றிச் சமூகம் புனைந்த இழிவும், அவ்விழிவை எதிர்த்துத் தமிழ்நாட்டிலும் இங்கும் எழுந்த முயற்சிகளும் ஆய்வரங்கிலே பேசப்பட்டு, அவனும் அவன் பாட்டனாரும் முன்வரிசையில் இருந்து கேட்டிருப்பின், சாக்கு அவிழ்ந்திருக்குமோ என்னவோ.

அவர்கள் ஏன் இருக்கவில்லை? முதற்காரணம் மிகவும் எளியது. நிகழ்ச்சி வேலைநாளிலே வைக்கப்பட்டால் தோட்டத்துத் தொழிலாளிக்கு அன்றைய 'பேர்' போய்விடும். அரை நாளோடு நின்றாலும் 'அரைப் பேர்' தான் விழும். இறக்குவானைப் பக்கத்திலிருந்தோ எட்டியாந்தோட்டைப் பக்கத்திலிருந்தோ காலை ஒன்பது மணிக்கு வளாகத்தை அடைய, விடியுமுன்னே புறப்பட்டு இரண்டு மூன்று பஸ் மாறவேண்டும். இரவு நிகழ்ச்சி முடியும்போது திரும்பும் பஸ் இராது. ஞாயிற்றுக்கிழமையோ போயா விடுமுறையோ தெரிவு செய்வதும், ஒரு வாகனத்துக்கு ஏற்பாடு செய்வதும் ஆராய்ச்சித் திறமையை வேண்டும் காரியங்களல்ல. இரண்டாவது காரணம் மொழி. இப்பல்கலைக்கழகத்திற் பெரும்பாலான பாடநெறிகள் ஆங்கிலவழியே நடைபெறுகின்றன. ஆய்வுக் கட்டுரைகளும் அவ்வாறே. தன் பாட்டியின் தாலாட்டைப் பற்றிப் பேர்த்தி வாசிக்கும் கட்டுரை பாட்டிக்கு விளங்காமற் போகின்றது. பத்து நிமிடம் தமிழிலும், அதன் சாரத்தைச் சிங்களத்திலும் சொல்ல இடம் வைத்தால் அவையின் தோற்றமே மாறும்.

சிங்களம் என்று நான் குறிப்பிட்டமைக்குக் காரணம் உண்டு. 1977 இலும் 1981 ஆகஸ்டிலும் 1983 இலும் இம்மாகாணத்துத் தோட்டங்களிலே தமிழ்த் தொழிலாளர் தாக்கப்பட்டனர், லயங்கள் எரிந்தன, பலர் வவுனியாப் பக்கத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பெயர்ந்து சென்றனர். அந்நாட்களிற் சிலரை ஒளித்துவைத்துக் காத்த அயற்கிராமத்தாரும் இருந்தனர். அத்தகைய மண்ணில், சிங்கள மாணவர் பெருந்தொகையினராக அமர்ந்திருக்கும் மண்டபத்திலே காமன் கூத்து ஆடப்படுவது சாதாரண நிகழ்ச்சியன்று. 'மனமே'யைப் பார்த்து வளர்ந்த சிங்கள மாணவனுக்கு, அதன் பின்னே நிற்கும் 'நாடகம'வும் இக்கூத்தும் உறவினர் என்பதைக் காலை அரங்கிலே ஒருவர் எடுத்துச்சொன்னால், மாலையிலே அவன் அந்நியமான கூச்சலைக் கேட்கமாட்டான். சொல்லாவிடிற் கேட்கக்கூடும்.

ஆய்வரங்கு எதைப் பேசலாம் என்பதற்குப் பொருள் தேடி அலையவேண்டியதில்லை. சி. வி. வேலுப்பிள்ளை பல்கலைக்கழகத்தவரல்லர், தொழிற்சங்கத்தவர், கவிஞர். தோட்டம் தோட்டமாகக் கேட்டுச் சேர்த்த பாடல்களை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூலாக 1983 இல் அவர் தந்தார். மறு ஆண்டில் மறைந்தார். அவர் சேர்த்ததில் உயர்மலைத் தேயிலைத் தோட்டத்துப் பாடல்களே பெரும்பான்மை என்று எனக்குத் தோன்றுகின்றது. கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டத்தின் நிலை வேறு. கொழுந்தெடுப்போர் நிரையாக நிற்பர்; ஒருத்தி பாட மற்றவர் எதிர்ப்பாட்டுப் பாடலாம். பால் வெட்டுவோர் விடியற்காலையில் மரத்துக்கு மரம் தனியே செல்வர். தனித்து வேலை செய்வோரின் பாடல் கூட்டமாக வேலை செய்வோரின் பாடலினின்றும் எவ்வாறு வேறுபடும்? மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையேல் வருமானமும் இல்லை. அம்மழையைப் பற்றி அவர்கள் என்ன பாடினர்? இவ்வினாக்களுக்கு விடை சொல்லக்கூடியோர் இன்றைக்கு எழுபதும் எண்பதும் கடந்தோர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்க்கின்றனர்.

தோட்டத்துக் கூத்து வாத்தியார்களிடம் பழைய கொப்பிகள் இருக்கின்றன. ஒற்றைக் கோட்டுத் தாளிலே பென்சிலால் எழுதி, ஓரம் கறையான் தின்றவை. இந்தியாவுக்குக் கப்பலேறியபோது சில கூடவே சென்றன. லயம் எரிந்தபோது சில எரிந்தன. எஞ்சியவற்றை ஆய்வு நாளன்று வாத்தியாரே கொண்டுவந்து அவை முன் விரித்துக்காட்டலாம். நூலகத்தார் அன்றே படமெடுத்துப் பிரதி செய்துவிட்டுக் கொப்பியை அவரிடமே திருப்பிக் கொடுக்கலாம். பிரதியின் முகப்பிலே ஆய்வாளர் பெயருக்கு முன்பாக வாத்தியாரின் பெயரும், தோட்டத்தின் பெயரும், அவர் வாழும் பிரிவின் பெயரும் வரவேண்டும். ஒரே தோட்டத்தில் மேற்பிரிவில் ஒரு பாடமும் கீழ்ப்பிரிவில் ஒரு பாடமும் வழங்குவதுண்டு. பிரிவைக் குறிக்காத பிரதியைக் கொண்டு பின்வருவோர் ஒன்றையும் ஒப்பிட முடியாது.